ஸ்கோப்டியின் உடலில் இரண்டு காயங்கள்

வெர்முண்டு எங்கள் வாசலில் வந்து நின்றபோது நான் தயிர்ப் பீப்பாயைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஆண்கள் எல்லோரும் புல் அறுக்கப் போயிருந்தார்கள். மூன்று நாளாக மழை இல்லை. எங்கள் பள்ளத்தாக்கில் மூன்று நாள் சேர்ந்தாற்போல வெயில் அடித்தால், செத்தவனைக்கூடக் கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் புல்லைத்தான் புரட்டுவோம். ஐஸ்லாந்தின் குளிர்காலத்தை மாடுகளும் நாங்களும் தாண்டுவது அந்தப் புல்லை வைத்துத்தான்.

வெர்முண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவன். மூன்று பெண் குழந்தைகள், பதினோரு ஆடுகள், கல்லும் சேறுமாக ஒரு துண்டு நிலம். பக்கத்து வீட்டுக் கிடா முறைத்தால்கூட வழிவிட்டு ஒதுங்குகிற ஆள். அன்றைக்குத் தன் கோடாலியை இடது கையில், நாறிப்போன மீனைப் பிடித்திருப்பதுபோல உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தான். அந்த வெயிலிலும் தோளை மூடி ஒரு போர்வையைச் சுற்றியிருந்தான். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"ஓட்னிம்மா, சாட்சிக்கு ரெண்டு பேரக் கூப்பிடுங்க" என்றான்.

வேலைக்காரி பேராவையும், முதுகு பிடித்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்த வேலையாள் ஒருவனையும் கூப்பிட்டேன். அவர்கள் வந்து நின்றதும் வெர்முண்டு மனப்பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னான்.

"நான் வெர்முண்டு. இன்னிக்குக் காலைல கல்துறைல ஸ்கோப்டிய என் கோடாலியால வெட்டினேன். அவன் செத்துட்டான். இத நான் மறைக்கல. நீங்க கேட்டுக்குங்க."

ஒருவனைக் கொன்றவன் அன்றைக்கே பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட வேண்டும். அது எங்கள் சட்டம். சொல்லிவிட்டால் அது வெறும் கொலை, பேசித் தீர்த்துக்கொள்ளலாம். மறைத்தால் அது இழிகொலை, தீர்வே கிடையாது. செத்தவனின் உறவினர் வீடு வழியில் இருந்தால் மட்டும் அதைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகலாம்.

ஆற்றை நடந்து கடக்கிற கல்துறையிலிருந்து வந்தால் முதல் வீடு ஸ்கோப்டியின் அண்ணன் கெடிலுடையது. அதைத் தாண்டியது சரி. அடுத்தது தோரோட்டின் வீடு. எங்கள் வீடு மூன்றாவது. தோரோட் வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எல்லோரும் புல்லுக்குப் போய்விட்டார்கள் என்றான். தோரோட்டின் தகப்பனாருமா என்று கேட்டேன். அந்த மனிதர் இரண்டு கால்களும் விழுந்து நான்கு வருடமாக அடுப்புப் பக்கத்தை விட்டு நகராதவர். மேட்டில் குதிரை தும்மினால்கூட யார் குதிரை என்று சொல்லிவிடுவார். வெர்முண்டு குனிந்து தன் கால்களைப் பார்த்தான். கூப்பிட்டதாகவும் பதில் வரவில்லை என்றும் முனகினான்.

பொய் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எது பொய் என்பதுதான் தெரியவில்லை.

அவன் அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே என் கணவன் இல்லுகி மேட்டுச் சரிவிலிருந்து இறங்கி வந்தான். வழிதவறிய இரண்டு ஆடுகளைத் தேடி விடியற்காலையில் மேட்டுக்குப் போயிருந்தவன். ஆடுகள் கூட வரவில்லை. தலைமயிர் நனைந்து கழுத்தில் ஒட்டியிருந்தது. சட்டையும் ஈரம். பேரா செய்தியைச் சொன்னாள். யார் முதலில் கை ஓங்கியது, எதற்காகச் சண்டை, எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எவனும் கேட்பான். இல்லுகி ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"கோடாலியாலயா?"

"கோடாலியாலதான்" என்றான் வெர்முண்டு.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சந்தித்தால் ஒருவர் குதிரையை ஒருவர் கிண்டல் செய்யாமல் விடாத இரண்டு பேர்.

ஸ்கோப்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாட்டசாட்டமானவன், பாட்டுக் கட்டுவதில் கெட்டிக்காரன். யாரைப் பற்றிப் பாடினாலும் அந்தப் பாட்டு அவர்களைவிட வேகமாக ஊர் சுற்றிவரும். மூன்று வருடத்துக்கு முன்னால், குதிரைச் சண்டை நடந்த திடலில், அத்தனை பேர் நடுவில் என்னைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினான். என் முழங்கை வளைவு எப்படி இருக்கும் என்று அதில் வந்தது. அவன் என் முழங்கையை எங்கே பார்த்தான் என்று எனக்கே தெரியாது. அடுத்தவன் மனைவியைப் பாடினால் ஊரைவிட்டுத் துரத்தலாம் என்று சட்டம் இருக்கிறது. இல்லுகி சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. அங்கேயே அவன் தோளைக் கிழித்துவிட்டான்.

பிறகு எங்கள் பள்ளத்தாக்கின் கோதி அஸ்கிரிம் தலையிட்டார். கோயிலையும் வழக்குகளையும் நடத்துகிறவர் அவர்தான். பலிகொடுத்த காளையின் இரத்தத்தில் நனைத்த வெள்ளி வளையத்தை இரண்டு பேர் கையிலும் கொடுத்து, ஃப்ரே, நியோர்டு, எல்லாம் வல்ல அந்தத் தெய்வம் ஆகிய மூவரையும் சாட்சியாகக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கினார். உயிர் உள்ளவரை ஒருவர் மேல் ஒருவர் ஆயுதம் எடுப்பதில்லை. அந்தச் சத்தியத்தை மீறுகிறவன் ஓநாய். மனிதர்கள் ஓநாயை எதுவரை விரட்டுவார்களோ அதுவரை அவனையும் விரட்டலாம். அவனுக்குச் சோறு போட்டவன், படகில் இடம் கொடுத்தவன் எல்லோரும் குற்றவாளி.

அதனால்தான் அந்த ஈரத் தலையைப் பார்த்ததும், மழையே இல்லாத நாளில் இவன் எதைக் கழுவினான் என்று யோசித்தேன்.

யார் வீட்டில் சொல்லப்படுகிறதோ அவர்கள்தான் பிணத்தைப் போய் மூட வேண்டும், காக்கையும் நரியும் தொடுவதற்கு முன்னால். கெடில் கடற்கரையில் ஒதுங்கிய மரம் வெட்டப் போயிருந்தான். அவனுக்கு ஆள் அனுப்பினோம். நானும் பேராவும் குதிரையில் கல்துறைக்குப் போனோம். இல்லுகி வரவில்லை. புல் காய்ந்துவிட்டது, அள்ள வேண்டும் என்றான்.

ஸ்கோப்டி தண்ணீர் ஓரம் ஒருக்களித்துக் கிடந்தான். செத்தவன் பார்வை என்மேல் விழக் கூடாது என்று பின்பக்கமாகப் போய் அவன் கண்ணையும் மூக்கையும் வாயையும் மூடினேன். பேரா தண்ணீர் மொண்டு வந்தாள். கழுவ ஆரம்பித்தோம்.

தலையில் கோடாலி வெட்டு இருந்தது. பெரிய வெட்டு, எலும்பு தெரிந்தது. ஆனால் அதன் ஓரங்கள் வெளுத்திருந்தன. மயிரில் இரத்தம் பிசுபிசுக்கவில்லை. நான் இருபது வருடமாகக் குளிர்காலத் தொடக்கத்தில் ஆடு மாடு அறுக்கிறேன். உயிருள்ள உடம்பை வெட்டினால் எப்படி இருக்கும், செத்த உடம்பை வெட்டினால் எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். அது செத்தபின் விழுந்த வெட்டு.

இடது கையைத் தூக்கினேன். அக்குளுக்குக் கீழே, இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவில், என் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துளை. அங்கேதான் இரத்தம் எல்லாம் போயிருந்தது. ஈட்டி.

வெர்முண்டிடம் ஈட்டி கிடையாது. அவன் அப்பனிடமும் இருந்ததில்லை.

பேரா என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் கையைக் கீழே போட்டு, கொண்டுபோயிருந்த கம்பளித் துணியை எடுத்து மார்பைச் சுற்றி இறுக்க ஆரம்பித்தேன். ஒரு சுற்றுப் போதும். நான் நான்கு சுற்றுச் சுற்றி ஊசி போட்டுத் தைத்தேன். எதற்கு அப்படிச் செய்தேன் என்று மனதைக் கேட்கவில்லை. கை செய்தது.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு மேலே பார்த்தேன். இல்லுகியின் ஈட்டி இருக்கும் இரண்டு முளைகளும் காலியாக இருந்தன. இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள், அவன் உப்பில்லாத காய்ந்த மீனை வெண்ணெயில் தொட்டுத் தின்றுகொண்டிருக்கும்போது கேட்டேன்.

"ஈட்டி எங்க?"

"ஓடையத் தாண்டுறப்ப ஊனினேன். காம்பு ஒடிஞ்சிடுச்சு."

"இரும்பு?"

"தண்ணில போச்சு."

"அந்த ஓடைல முழங்கால் தண்ணிகூட இல்லையே, இல்லுகி."

அவன் மீனைக் கீழே வைத்தான். "போய்த் தேடிப் பாரு. கெடச்சா கொண்டு வந்து மாட்டு" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனான்.

இரும்பு எங்களுக்குக் கடல் தாண்டி வருகிற பொருள். ஒரு ஆணி விழுந்தாலே குனிந்து தேடி எடுக்கிற ஊரில், ஈட்டிமுனையைத் தண்ணீரில் விட்டுவிட்டு எவனும் வீட்டுக்கு வரமாட்டான். அன்றிலிருந்து நான் படுக்கையைப் பேரா படுக்கிற பக்கம் மாற்றிக்கொண்டேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. அவன் கேட்காததுதான் என் சந்தேகத்தை இன்னும் வளர்த்தது.

கெடில் வந்து தம்பியை எடுத்துப் போனான். துணியைப் பிரிக்கவில்லை. செத்தவர் போகும் பாதைக்கென்று காலில் செருப்பு மட்டும் கட்டிவிட்டு, மேட்டில் கல் அடுக்கிப் புதைத்தான். தலை வெட்டைப் பார்த்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தான் என்று கேள்விப்பட்டேன். அவன் முன்கோபக்காரன் இல்லை. நின்று யோசிக்கிறவன். அப்படிப்பட்டவனிடம்தான் எனக்குப் பயம்.

வழக்கு இலையுதிர்காலக் கூட்டத்துக்குப் போடப்பட்டது. வெர்முண்டு ஒப்புக்கொண்டுவிட்டதால் மூன்று வருடம் நாடு கடத்துவார்கள், அவ்வளவுதான் என்று பேசிக்கொண்டார்கள். அதற்கு நாற்பது நாள் இருந்தது. அந்த நாற்பது நாளும் நான் என் புருஷனை வேவு பார்த்தேன். வேறு சொல் இல்லை. அவன் யாரிடம் பேசுகிறான், எந்தப் பக்கம் நடக்கிறான், தூக்கத்தில் என்ன முனகுகிறான் என்று எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு நாள் எங்கள் தொழுவத்தில் ஒரு மாடு குறைந்தது. சிவலை, கன்று ஈன்று இரண்டு மாதமான நல்ல கறவை. இல்லுகியைக் கேட்டேன். மேட்டு மேய்ச்சலுக்கு விட்டிருக்கிறேன் என்றான்.

அன்று பிற்பகலே கொஞ்சம் தயிர் எடுத்துக்கொண்டு ஆற்றைக் கடந்து வெர்முண்டு வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி குரோவா வாசலில் மாடு கறந்துகொண்டிருந்தாள். சிவலை அவளுக்கு அடங்கி நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. நான் கையில் தயிரோடு நின்றேன்.

"என்ன அப்படிப் பாக்கறீங்க ஓட்னிக்கா? உங்க மாடுதான்" என்றாள் குரோவா. "தயிர் வேற கொண்டாந்திருக்கீங்க. எங்க வீட்டுக்கு இப்பத்தான் நல்ல காலம் பொறந்திருக்கு போல."

அவள் குரலில் சந்தோஷம் இல்லை. எதற்காக மாடு கொடுத்தான் என்று கேட்டேன். வெர்முண்டு கப்பல் ஏறிவிட்டால் மூன்று பிள்ளைகள் எதைக் குடிக்கும் என்று உங்கள் வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும் என்றாள். வெர்முண்டு எங்கே என்றேன். உள்ளே தூங்குகிறான் என்றாள். புல் அறுக்கிற காலத்தில் பகலில் தூங்குகிற குடியானவனை நான் பார்த்ததில்லை. உள்ளே எட்டிப் பார்க்கப் போனேன். குரோவா பால் பாத்திரத்தோடு எழுந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"போயிட்டு வாங்கக்கா" என்றாள்.

திரும்பி வரும் வழியில் என் கணக்கு முடிந்துவிட்டது. என்னைப் பாடியவன்மேல் மூன்று வருடமாக வஞ்சம் வைத்திருந்து, தனியாக வந்தவனைப் பதுங்கி நின்று குத்தியிருக்கிறான் என் புருஷன். பிறகு ஒரு ஏழையை ஒரு மாட்டுக்கு வாங்கியிருக்கிறான். சத்தியத்தைக் கொன்றவன், அதை ஒப்புக்கொள்ளத் துணிவும் இல்லாதவன். அவனோடு ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு வருடம். இரண்டு பிள்ளைகளைப் பெற்று, இரண்டையும் சேர்ந்தே புதைத்தோம். கணவன் மனைவி கொடுத்துக்கொள்கிற வாக்கைக் காதுகொடுத்துக் கேட்கிற தெய்வம் வார். மீறினால் பழிவாங்குகிறவளும் அவளே. இந்த வீட்டில் யாரை அவள் பழிவாங்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

மணமுறிவு சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். எங்கள் பக்கம் அது பெண்ணுக்குக் கஷ்டமில்லை. படுக்கையின் பக்கத்திலும் வாசலிலும் சாட்சி வைத்துச் சொன்னால் போதும். நிலம் என் அப்பா கொடுத்தது. ஆனால் சொன்னால் ஊர் ஏன் என்று கேட்கும். கெடில் முதல் ஆளாகக் கேட்பான்.

கெடில் அதற்குக் காத்திருக்கவில்லை. பேரா வாய் விட்டுவிட்டாள். யாரிடமோ துணி வெளுக்கிற இடத்தில், விலாவிலும் ஒரு ஓட்டை இருந்தது, ஓட்னியம்மா அதன்மேல் துணி சுற்றித் தைத்து மூடிவிட்டாள் என்று சொல்லியிருக்கிறாள். கூட்டத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது கெடில் எங்கள் வீட்டுக்கு வந்தான். குதிரையை விட்டு இறங்கவில்லை. இல்லுகியும் பக்கத்தில்தான் நின்றான்.

"ஓட்னி, என் தம்பிய நல்லா சுத்திக் குடுத்த. ஊசியெல்லாம் போட்டிருந்த. அவனுக்குக் குளிரும்னு நெனச்சியா?"

அவன் குதிரையின் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தான்.

"கூட்டத்துல வளையத்த உன் கையில குடுப்பாங்க. எத்தன காயம், எதால பட்ட காயம்னு சொல்லு. நான் கல்லப் பிரிச்சு அவனத் தோண்ட வேண்டாம்ல."

பொதுவாகப் பெண்களைச் சாட்சிக்கு இழுக்கிற வழக்கம் இல்லை. பிணத்தைக் கழுவியவள் என்பதால் கோதி சம்மதித்துவிட்டார் என்றான். அவன் போனபிறகு இல்லுகி என்னைப் பார்த்தான். அத்தனை நாளில் முதல்முறையாக நேராகப் பார்த்தான்.

"நீ ஏன் பிணத்தக் கழுவப் போன?" என்று மட்டும் கேட்டான்.

அதைக் குற்றச்சாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

கூட்டம் கோதியின் புல்வெளியில் நடந்தது. காற்று பலமாக இருந்தது. ஆண்கள் போர்வையை மூடிக்கொண்டு வட்டமாக நின்றார்கள். வெர்முண்டு நடுவில், முகம் மெழுகுபோல வெளிறி நின்றான். அவன் ஒப்புதலைத் திரும்பச் சொன்னான். கெடில் என்னைக் கூப்பிட்டான்.

வளையம் கனமாக இருந்தது. காளை இரத்தம் இன்னும் காயாமல் விரல் இடுக்கில் வழிந்தது. பொய்ச்சத்தியம் செய்தவர்கள் செத்தபின் நஞ்சு ஓடுகிற ஆற்றில் இறங்கி நடக்க வேண்டும் என்று குழந்தையிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். எதிரில் வெர்முண்டு. வலதுபக்கம் இல்லுகி. உண்மையைச் சொன்னால் என் புருஷன் ஓநாய். பொய் சொன்னால் நானும் அவனைப்போல ஆகிவிடுவேன், அவனுக்காகவே. மூன்று தெய்வங்களின் பெயரையும் சொன்னேன்.

"ஸ்கோப்டியக் கழுவினது நான்தான்" என்று ஆரம்பித்தேன்.

"அவ கையிலேருந்து அத வாங்குங்க" என்று இல்லுகி சொன்னான். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. வட்டத்துக்குள் வந்து நின்றான். "ஈட்டிக் காயம். என் ஈட்டி. எங்க வீட்டுக்கு மேல ஓடைல, பிளந்த பாறைக்கு அடியில கிடக்குது. தலைல இருக்கிற வெட்டு அப்புறமா போட்டது. அவளுக்கு நான் எதுவும் சொல்லல. அவளாக் கண்டுபிடிச்சா. நாப்பது நாளா என்னச் சந்தேகப்பட்டா. அவ சந்தேகப்பட்டது சரிதான்."

கெடிலின் ஆட்கள் ஆயுதத்தில் கை வைத்தார்கள். கோதி கையை உயர்த்தினார். அப்போது வெர்முண்டு முழங்காலில் விழுந்துவிட்டான். பாதிதான் சரி, பாதியை அவர் சொல்லவில்லை என்று அழுகையோடு சொன்னான். சட்டையைக் கழுத்திலிருந்து இழுத்து இறக்கினான். வலது தோளிலிருந்து முதுகு நடுவரை ஒரு வெட்டு, இன்னும் முழுசாக ஆறாமல், ஓரங்களில் சீழ் காய்ந்து இருந்தது. முதுகில் இப்படி வெட்டுப்பட்டவன் ஸ்கோப்டியைக் கொன்றான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள் என்று நாற்பது நாள் அதை மறைத்திருக்கிறான். குரோவா ஏன் வாசலை அடைத்து நின்றாள் என்று எனக்கு அப்போது புரிந்தது.

நடந்தது இதுதான். வெர்முண்டின் ஆடுகள் ஸ்கோப்டியின் புல்லில் இறங்கிவிட்டன. அவற்றைக் கல்துறை வழியாகத் திருப்பி ஓட்டிக்கொண்டிருந்தவனை ஸ்கோப்டி பின்னாலிருந்து வெட்டினான். வெர்முண்டு தண்ணீரில் விழுந்தான். மேட்டில் தன் ஆடுகளைத் தேடிக்கொண்டிருந்த இல்லுகி கத்தல் கேட்டு ஓடிவந்தான். நிறுத்து என்று இரண்டு முறை கத்தினான்.

"அதுக்கு ஸ்கோப்டி சிரிச்சான்" என்றான் வெர்முண்டு. "'உன் சத்தியம் உன் கையக் கட்டிப் போட்டிருக்கு இல்லுகி, அங்கயே நின்னு பாரு'ன்னான். சொல்லிட்டு எனக்கு மேல மறுபடி கோடாலியத் தூக்கினான்."

தூக்கிய கையின் அடியில்தான் ஈட்டி பாய்ந்தது.

பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வதாகச் சொன்னது வெர்முண்டுதான். எனக்குச் சத்தியம் எதுவும் இல்லை, எனக்கு மூன்று வருடம், உங்களுக்கு என்றால் ஓநாய்ப் பட்டம் என்று கெஞ்சியிருக்கிறான். தன் கோடாலியால் பிணத்தின் தலையில் ஒரு வெட்டுப் போட்டுவிட்டு வாந்தி எடுத்திருக்கிறான். இரண்டு பேரும் சேர்ந்தே மேட்டு வழியாக இறங்கி, ஓடையில் கழுவிக்கொண்டு, அங்கிருந்து பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வெர்முண்டு முன்னால் வந்திருக்கிறான். தோரோட் வீட்டுப் பக்கமே போகவில்லை.

புல்வெளியில் எல்லோரும் கெடிலைப் பார்த்தார்கள். வெர்முண்டு பொய் சொல்கிறான் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும்; ஏற்கெனவே ஒரு பொய் சொன்னவன்தானே. கெடில் தாடியைத் தடவிக்கொண்டு நின்றான்.

"அவன் அப்படித்தான் சொல்லியிருப்பான்" என்றான் கடைசியில். "கையக் கட்டிப் போட்டிருக்குன்னு. அது என் தம்பியோட பேச்சு. இந்த ஆளுக்கு அப்படிப் பேச வராது."

சொல்லிவிட்டுத் தன் தீர்ப்பைச் சொன்னான். தம்பியின் சாவுக்கு ஈடு வேண்டாம், அதை அவனே தேடிக்கொண்டான். ஆனால் சத்தியம் சத்தியம்தான். முதல் பனி விழுவதற்கு முன் இல்லுகி கப்பல் ஏறிவிட வேண்டும். திரும்பி இந்தக் கரையில் கால் வைத்தால் ஓநாய். கோதி அதை ஏற்றுக்கொண்டார். பொய்யாகக் கொலையை அறிவித்த வெர்முண்டுக்குத் தண்டமாக ஒரு மாடு விதித்தார். அவனிடம் இருந்தது சிவலை ஒன்றுதான். கோதியின் ஆள் அன்றே வந்து ஓட்டிக்கொண்டு போனான். குரோவா மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, "உங்க மாடு எங்க வீட்ல நாலு வாரம் தங்கல, நல்ல ராசி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதாள். முதல்முறையாக நானும் அவளோடு உட்கார்ந்து அழுதேன்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று மாலையே இல்லுகியைக் கேட்டிருந்தேன், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று. அவன் சேணத்து வாரைத் தைத்துக்கொண்டிருந்தான். கூடத்தில் வேறு யாரும் இல்லை.

"தெரியாம இருந்தா, கேட்டா தெரியாதுன்னு சத்தியம் பண்ணுவ. உன் வாக்காவது சுத்தமா இருக்கட்டும்னு நெனச்சேன்" என்றான். ஊசியை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு, "நீ போய் அவன் கையத் தூக்கிப் பாப்பன்னு எனக்குத் தோணல" என்றான்.

"நான் உன்னக் கோழைன்னு நெனச்சேன். ஒளிஞ்சு நின்னு குத்தினன்னு நெனச்சேன்."

"தெரியும். நீ படுக்கைய மாத்தினப்பவே தெரியும்."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆற்று முகத்துவாரத்தில் ஒரே ஒரு கப்பல் மிச்சம் இருந்தது. ஓர்க்னித் தீவுகளுக்குப் போகிற கப்பல், கம்பளித் துணி ஏற்றிக்கொண்டிருந்தது. நிலம் என்னுடையது, நான் தங்கிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். இல்லுகியும் சொன்னான். மூன்று நாள் யோசித்தேன். பிறகு நிலத்தையும் வீட்டையும் வெர்முண்டுக்குக் குத்தகைக்கு விட்டேன். பேரா மன்னிப்புக் கேட்டாள். அவள் சொன்னது பொய் இல்லையே என்று சொல்லி, என் பழைய மேலாடையை அவளுக்குக் கொடுத்தேன். பெட்டியோடு நான் கப்பல் பலகையில் ஏறியபோது இல்லுகி கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

"காவலுக்கு வர்றியா?" என்றான்.

"ஆமா" என்றேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

மூன்றாம் நாள், கரை கண்ணை விட்டு மறைந்தபின், மூட்டைகளுக்கு நடுவில் காற்றுக்கு ஒதுங்கி இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவன் திடீரென்று கேட்டான்.

"நான் குறுக்க வரலன்னா, வளையத்தக் கையில வச்சுக்கிட்டு என்ன சொல்லியிருப்ப?"

"தெரியல."

"தெரியலயா, சொல்ல மாட்டியா?"

தெரியவில்லை என்று திரும்பவும் சொன்னேன். அவன் தலையாட்டினான். ஆனால் பார்வையை எடுக்கவில்லை. நாற்பது நாள் நான் அவனைப் பார்த்த அதே பார்வை அது என்று அடையாளம் கண்டுகொண்டேன்.

இப்போது ஓர்க்னியில் நான்கு வருடம் ஆகிவிட்டது. கல் சுவரில் வீடு கட்டியிருக்கிறோம். பார்லி நன்றாக வருகிறது, மீன்படகு ஒன்றில் அவனுக்கும் பங்கு உண்டு. வெர்முண்டு வருடம் தவறாமல் கப்பல்காரர்களிடம் செய்தி அனுப்புகிறான். மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்களாம். இல்லுகி நல்ல கணவன், சண்டை சச்சரவு இல்லை. ஆனால் வருடத்துக்கு ஒரு முறையாவது, வலை பின்னும்போதோ பார்லி புடைக்கும்போதோ, அந்தக் கேள்வியை வேறு ஏதாவது வார்த்தையில் கேட்டுவிடுகிறான். நான் அதே பதிலைத்தான் சொல்கிறேன். எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை. அவன் அதை நம்புவதாகத்தான் சொல்கிறான்.